சிமிழுக்குள் அடைத்த வெயிற்காப்பு

காலையிலே ஒருவர் முகத்திலும் கழுத்திலும் கைகளிலும் வெயிற்காப்புக் களிம்பைத் தடவிக்கொண்டு வெளியே புறப்படுகிறார். 'சன்ஸ்கிரீன்' என்ற பெயரோடு மருந்துக் கடைகளில் விற்கப்படும் அதே களிம்புதான். நண்பகலில் அவர் தமது கையைத் தடவிப் பார்க்கிறார். களிம்பு இருந்த சுவடே இல்லை. பூசிய பொருள் எங்கே போயிற்று?

கேட்பதற்கு இஃது அற்பமான கேள்விபோலத் தோன்றும். ஆயினும் இரசாயன அறிஞரும் தோல் மருத்துவரும் பல்லாண்டுகளாக இதற்கு விடை தேடி வந்திருக்கின்றனர். களிம்பின் ஒரு பகுதி வியர்வையோடு வழிந்தது. ஒரு பகுதி சட்டைக் கழுத்தில் ஒட்டிக்கொண்டது. அது கண்ணுக்குத் தெரியும் கணக்கு. கண்ணுக்குத் தெரியாத கணக்கு வேறு இரண்டு உண்டு. எந்த வெயிலைத் தடுப்பதற்காகப் பூசப்பட்டதோ அந்த வெயிலினாலேயே ஒரு பகுதி சிதைந்து பயனற்றுப் போயிற்று. மற்றொரு பகுதி தோலினூடாக உள்ளே இறங்கி இரத்தத்திற் கலந்துவிட்டது. வாயிலிலே நிறுத்திய காவலாளருள் ஒருவன் பாதி வேளையில் மயங்கி விழுந்தான். இன்னொருவன் வாயிலை விட்டு வீட்டுக்குள்ளே நுழைந்து உலாவத் தொடங்கினான் என்று வைத்துக்கொண்டால் நிலைமை விளங்கும். காவலாளனை வாயிலிலேயே நிற்கச் செய்யும் வழியாகக் கண்டுபிடிக்கப்பட்டதே, வெயிற்காப்புப் பொருளை மிக நுண்ணிய சிமிழ்களுள் அடைத்துத் தோலின்மேல் வைக்கும் முறை.

சிமிழின் கதைக்குப் போகுமுன் வெயிலின் கதை சிறிது வேண்டும். 1801ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஜேனா நகரிலே யொகான் வில்ஹெல்ம் ரிற்றர் என்பவர், வெள்ளிக் குளோரைட்டுத் தோய்த்த தாளொன்றைச் சூரிய ஒளியின் நிறமாலையில் வைத்துப் பார்த்தார். வெள்ளிக் குளோரைட்டு ஒளி பட்டாற் கறுக்கும். சிவப்பு ஒளியில் அது மெல்லக் கறுத்தது. ஊதா ஒளியில் விரைந்து கறுத்தது. ஊதாவுக்கும் அப்பால், கண்ணுக்கு ஒளியே தெரியாத இடத்தில், எல்லாவற்றிலும் விரைவாகக் கறுத்தது. காணாத அந்த ஒளியே ஊதாக் கடந்த கதிர். அதனை அலைநீளத்தின்படி மூன்றாகப் பிரித்து ஏ, பீ, சீ எனப் பெயரிட்டிருக்கின்றனர். சீ கதிர் முழுவதும் வானத்து ஓசோன் படையிலும் காற்றிலும் தடைப்பட்டு விடுகிறது. பீ கதிரின் பெரும்பங்கும் அவ்வாறே. நிலத்தை வந்தடையும் ஊதாக் கடந்த கதிர்களில் 100க்கு ஏறக்குறைய 95 பங்கு ஏ கதிராகும்.

அளவிற் குறைந்தாலும் பீ கதிரே தோலைச் சுட்டுச் சிவக்கவைப்பது. அது தோற்கலத்தின் கருவினுள்ளே, டீ. என். ஏ. என்னும் பரம்பரைப் பொருளின் ஏணிப்படிகளில் அடுத்தடுத்திருக்கும் இரண்டு உறுப்புக்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. கலம் அப்பிணைப்பை அறுத்துத் திருத்திக்கொள்ளும் ஆற்றலுடையது. ஆனால் நாள்தோறும் ஆயிரமாயிரமாக நேரும் பிழைகளில் ஏதோ ஒன்று திருத்தப்படாமல் எஞ்சிவிடுவதுண்டு. புற்றுநோயின் வித்து அங்கேதான் விழுகிறது. ஏ கதிரோ சுடுவதில்லை. அதனாலேயே அதனை நீண்டகாலம் எவரும் பொருட்படுத்தவில்லை. அது தோலின் ஆழம்வரை சென்று அதன் நெகிழ்ச்சியைக் கெடுக்கிறது. கலங்களில் ஒட்சிசனைக் கிளறிவிட்டுக் கேடு செய்கிறது. சாளரக் கண்ணாடியினூடாகவும் புகுந்துவிடுகிறது. கறுத்த மேனியருக்கு இவையெல்லாம் பொருந்தா என்று கருதுவார் உளர். கறுப்பு நிறம் பெருங்காவல் என்பது உண்மையே. ஆனால் கன்னத்திற் படரும் மங்கு வெயிலினால் மிகுவதும், அது மாநிறத்தாரிடையே மிகுந்து காணப்படுவதும் தோல் மருத்துவர் நன்கறிந்தவை.

வெயிற்காப்புக் களிம்பு வணிகப் பொருளாக வந்தது மேனாட்டில், கடற்கரையிலும் பனிமலையிலும் பொழுதுபோக்கச் சென்றவர்களுக்காக. 1936இல் பிரான்சிலே யூஜின் சூலர், பென்சைல் சலிசிலேற்று என்னும் பொருளைச் சேர்த்த எண்ணெயொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1938இல் பிஸ் புயின் என்னும் ஆல்ப்ஸ் மலைச் சிகரத்தில் ஏறி வெயிலிற் சுடுபட்ட பிரான்ஸ் கிரைற்றர் என்ற இரசாயன மாணவர், பின்னர் 1946இல் தாமே ஒரு களிம்பைச் செய்து அந்தச் சிகரத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார். களிம்புக் குப்பிகளின்மேல் இன்று 15, 30, 50 என்று அச்சிடப்பட்டிருக்கும் காப்பெண் வழக்குக்கு வருவதற்கும் அவருடைய முயற்சியே பெரிதும் காரணமாயிற்று.

அந்த எண்ணைப்பற்றி ஒரு சொல். காப்பெண் 30 என்றால், சுடும் கதிரில் முப்பதில் ஒரு பங்கே தோலை எட்டுகிறது என்பது பொருள். ஆனால் சோதனைச்சாலையில் அந்த எண்ணைக் கணிக்கும்போது, சதுர சென்ரிமீற்றர் ஒன்றுக்கு 2 மில்லிகிராம் வீதம் களிம்பு பூசப்படுகிறது. வளர்ந்தவர் ஒருவர் உடல் முழுவதும் அந்த அளவிற் பூசிக்கொள்வதானால், ஒரு முறைக்கு ஏறக்குறைய 35 கிராம் வேண்டும். சிறு குப்பியொன்று மூன்று வேளைக்குள் தீர்ந்துபோகும். அவ்வாறு பூசுகிறவர் எவருமில்லை. பெரும்பாலோர் பூசுவது அதில் அரைப் பங்கோ காற் பங்கோதான். ஆகவே குப்பியின் எண் வேறு, தோல் பெறும் காப்பு வேறு.

இனி, காவலாளர் இருவரின் குறைகளுக்கு வரலாம்.

வெயிற்காப்புப் பொருள்கள் இரு குலத்தவை. ஒரு குலம் கனிப்பொருள்: நாக ஒட்சைட்டு, தைத்தேனியம் ஈரொட்சைட்டு. இவை வெண்பொடிகள். தைத்தேனியத்தின் தாதுவான இல்மனைற்று, திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலிற் குவிந்து கிடப்பதை இந்நாட்டு நேயர் அறிவர். இப்பொடிகள் எளிதிற் சிதைவதில்லை, தோலினுள்ளும் இறங்குவதில்லை. ஆனால் கறுத்த மேனியிற் பூசினால் திருநீறு பூசியதுபோல வெளுத்துத் தெரியும். மற்றக் குலம் காபன் சார்ந்த சேர்வைகள். அவை எண்ணெயிற் கரைந்து, நிறமின்றித் தோலோடு ஒன்றிவிடும். அவோபென்சோன், ஒக்ரினொக்சேற்று, ஒக்சிபென்சோன் முதலியன அக்குலத்தைச் சேர்ந்தவை.

அவோபென்சோன் ஏ கதிரை உறிஞ்சுவதில் வல்லது. அதனுடைய மூலக்கூறு கதிரை விழுங்கி, விழுங்கிய ஆற்றலைச் சிறு வெப்பமாக உமிழ்ந்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பிய பின் அடுத்த கதிரை விழுங்கும். இவ்வாறு சளைக்காமற் செய்துகொண்டிருந்தால் குறையொன்றுமில்லை. ஆனால் சில மூலக்கூறுகள் திரும்பும் வழியிற் பிறழ்ந்து வேறு வடிவெடுத்து உடைந்துபோகின்றன. பீ கதிரைத் தடுக்கும் ஒக்ரினொக்சேற்று உடனிருந்தாலோ நிலைமை இன்னும் மோசம்: வெயிலில் இரண்டும் ஒன்றையொன்று பற்றிப் பிணைந்து, இரண்டுமே கெட்டுவிடுகின்றன. ஒரே களிம்பில் ஏ கதிருக்கு ஒன்றும் பீ கதிருக்கு ஒன்றுமாகச் சேர்த்துவைத்த இரு காவலரும் தமக்குள்ளே பொருது மடிகிற கதை இது. இதனைத் தவிர்ப்பதற்கு ஒக்ரோகிரைலீன் போன்ற மூன்றாம் பொருளொன்றைச் சேர்ப்பது வழக்கமாயிற்று.

இரண்டாவது குறை தோலினுள் இறங்குதல். தோலின் புறப்படை இறந்த கலங்களை ஓடு வேய்ந்தாற்போல அடுக்கி, இடையே கொழுப்புச் சாந்திட்ட சுவர். அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கினுள் அடங்கும். நீர் அதனூடே எளிதிற் செல்லாது. ஆனால் சிறியதாகவும் கொழுப்பிற் கரைவதாகவும் இருக்கும் மூலக்கூறு அந்தச் சாந்தின் வழியே நழுவி இறங்கிவிடும். மூலக்கூற்று நிறை 500க்கு மேற்பட்டவை இறங்குவது அரிது என்பது மருந்தாக்குவோர் கைக்கொள்ளும் கணக்கு. அவோபென்சோனின் நிறை 310. ஒக்சிபென்சோனின் நிறை 228. இரண்டும் கொழுப்பிற் கரைவன.

இறங்கும் அளவு எவ்வளவு? ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் இதனை அளந்து 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்டது. நோயற்ற 24 பேர், உடலின் நாலில் மூன்று பங்கில், நாளுக்கு நாலு முறை வீதம் நாலு நாட்கள் களிம்பு பூசிக்கொண்டனர். அளவும் சோதனைச்சாலை விதித்த முழு அளவு. இரத்தத்திற் காணப்பட்ட காப்புப் பொருள், மேலும் ஆராயாமலே விட்டுவிடலாம் என அந்நிருவாகம் வகுத்திருந்த எல்லையைத் தாண்டியிருந்தது. அந்த எல்லை ஒரு மில்லிலீற்றருக்கு 0.5 நனோகிராம், ஒரு நனோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒக்சிபென்சோன் அதனைப் பன்னூறு மடங்கு தாண்டியது. 2020 ஜனவரியில், 48 பேரிடம் ஆறு பொருள்களைச் சோதித்து வெளியிட்ட இரண்டாவது ஆராய்ச்சியும் இதனையே உறுதிசெய்தது.

இச்செய்தி பரவியபோது களிம்பையே விட்டவர்களும் உண்டு. அது சரியான முடிவன்று. எல்லையைத் தாண்டியது என்றால், 'இதன் விளைவை ஆராய வேண்டும்' என்று பொருள். 'இது நஞ்சு' என்று பொருளன்று. அந்த ஆராய்ச்சியாளரே களிம்பைக் கைவிடலாகாது என எழுதினர். மறுபுறத்தில் களிம்பின் நன்மைக்கு உறுதியான சான்று இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலே நம்பூர் என்னும் ஊரில் 1992 தொடக்கம் 1996 வரை 1,621 பேரைக்கொண்டு நடத்தப்பட்ட சோதனை அது. ஒரு பாதியினர் நாள்தோறும் தவறாமல் முகம், கழுத்து, கைகளிற் பூசினர். மற்றப் பாதியினர் தம் விருப்பப்படி பூசியோ பூசாமலோ இருந்தனர். நாள்தோறும் பூசியவரிடையே செதிட்கலப் புற்றுநோய்க் கட்டிகள் 100க்கு ஏறக்குறைய 40 குறைந்தன. சோதனை முடிந்து பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது, மிகக் கொடியதான மெலனோமா என்னும் புற்று, பூசியவரில் 11 பேருக்கும் மற்றவரில் 22 பேருக்கும் வந்திருந்தது. குடையும் தொப்பியும் நீண்ட கைச்சட்டையும் இரத்தத்திற் கலப்பதில்லை என்பது வேறு விடயம். அவற்றை அணிந்து கடலிற் குளிக்கவோ வலை இழுக்கவோ எல்லோராலும் இயலாது.

ஆகவே வேண்டியது, நன்மையைக் குறைக்காமல் ஐயத்தை நீக்கும் உபாயம். இங்கேதான் சிமிழ் வருகிறது.

நுண்சிமிழ் முதன்முதலிற் புகழ்பெற்றது மருந்திலன்று, எழுத்து வேலையில். 1950களில், ஐக்கிய அமெரிக்காவின் டேற்றன் நகரில் காசுப் பதிவுப் பொறிகளைச் செய்த நிறுவனமொன்றிலே பாரற் கிறீன் என்பவர், காபன் தாளின்றிப் படியெடுக்கும் தாளொன்றை உருவாக்கினார். நிறமற்ற சாயத்தை எண்ணெயிற் கரைத்து, ஜெலற்றினும் அராபியப் பிசினும் சேர்ந்த மெல்லிய ஓட்டினுள் அடைத்து, அச்சிறு சிமிழ்களைத் தாளின் பின்புறத்திற் பூசினார். பேனா அழுத்திய இடத்திற் சிமிழ்கள் உடையும். சாயம் கீழ்த்தாளின் களிப்பூச்சிற் பட்டு நீலமாக எழுத்துத் தெரியும். அங்கே சிமிழின் பெருமை உடைவதில் இருந்தது. வெயிற்காப்பிலோ உடையாமல் இருப்பதே பெருமை.

உடையாத சிமிழுக்கு ஏற்ற பொருள் எது? அது கதிரை உள்ளே விடவேண்டும். மூலக்கூற்றை வெளியே விடலாகாது. சாதாரணச் சாளரக் கண்ணாடி பீ கதிரைத் தடுத்துவிடும். ஆனால் கண்ணாடியின் மூலப்பொருளான தூய சிலிக்கா ஊதாக் கடந்த கதிரை நன்றாகவே கடத்தும். சிக்கல் என்னவென்றால், சிலிக்காவை உருக்க ஆயிரத்தைநூறு பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தில் காபன் சேர்வை எதுவும் கரியாகிவிடும். இந்தச் சிக்கலை அவிழ்த்தது, அறை வெப்பத்திலேயே கரைசலிலிருந்து சிலிக்காவை உறையச் செய்யும் முறை. கரைசல் முதலிற் கூழாகி, கூழ் பின்னர் இறுகிக் கண்ணாடியாகும். 1984இல், எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் அவ்னிரும் அவருடன் பணியாற்றியோரும், ரொடமீன் என்னும் சாயத்தை இவ்வாறு செய்த சிலிக்காவினுள் சிறைப்படுத்திப் பார்த்தனர். திறந்த கரைசலில் ஒளி பட்டு மங்கிப்போகும் சாயம், சிலிக்காக் கூட்டினுள் நெடுநேரம் மங்காமல் நின்றது. ஒரு மூலக்கூறு சிதைவதற்கும் அசைந்து திரும்ப இடமும் எதிர்ப்பொருளின் தொடர்பும் வேண்டும். சிறையில் அவை கிடைப்பதில்லை.

வெயிற்காப்பை நோக்காகக் கொண்டு செய்யப்பட்ட ஆராய்ச்சியன்று அது. ஆயினும் அதன் வழிவந்த முறை, 1997இல் இஸ்ரவேலில் தொடங்கப்பட்ட நிறுவனமொன்றின் மூலம் களிம்புக்கு வந்துசேர்ந்தது. ஜேர்மனியின் மேர்க் நிறுவனம் அச்சிமிழ்களை 'முத்து' என்னும் பொருள்படும் பெயரோடு களிம்பு செய்வோருக்கு விற்றது. செய்முறை சமையலறைக்கு அந்நியமானதன்று. காப்பெண்ணெயோடு எதயில் சிலிக்கேற்று என்னும் நீர்மத்தைக் கலந்து, சவர்க்காரம் போன்ற பொருள் சேர்ந்த நீரில் விட்டு வேகமாகக் கடைகிறார்கள். எண்ணெய், மோரில் மிதக்கும் வெண்ணெய்த் துளிபோல, ஆனால் அதனினும் மிகச் சிறியதாக, ஒரு மைக்கிரோமீற்றர் அளவான துளிகளாகச் சிதறுகிறது. எண்ணெயும் நீரும் சந்திக்கும் துளியின் விளிம்பிலே சிலிக்கேற்று நீரோடு தாக்கமுற்று மதுசாரத்தை வெளிவிட்டுச் சிலிக்காவாக உறைகிறது. துளியைச் சுற்றி ஓடு உண்டாகிவிட்டது. எழுபது எண்பது சிமிழ்களை வரிசையாக வைத்தால் ஒரு தலைமயிரின் குறுக்களவு வரும்.

இதனால் விளைந்த பயன்கள் பல. ஓட்டோடு கூடிய சிமிழ், கொழுப்புச் சாந்தினூடே நழுவ முடியாத அளவு பெரியது. எண்ணெய்ப் பொருளாயினும் சிமிழுக்குள் இருப்பதால் நீர்க் களிம்பிற் கலக்கலாம், பிசுபிசுப்புக் குறையும். எல்லாவற்றிலும் மேலாக, ஒன்றையொன்று கெடுக்கும் அந்த இரண்டு பொருள்களுள் ஒன்றைச் சிமிழினுள்ளும் மற்றதை வெளியேயும் வைத்தால், அவை ஒரே களிம்பில் இருந்தும் சந்திப்பதில்லை. பகையாளிகளுக்கு நடுவே சுவர் எழுப்பிய கதை.

சிலிக்கா ஒன்றே வழியன்று. ஜேர்மனியிலே மெழுகு போன்ற திண்கொழுப்பாலான நுண்துணிக்கைகளைச் செய்தனர். அத்துணிக்கை தன்னளவிலேயும் கதிரைச் சிதறடித்துத் துணைபுரியும். ஆயினும் மிகுந்த கவனத்தை ஈர்த்தது, ஐக்கிய அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மார்க் சால்ற்ஸ்மன், மைக்கல் ஜிராடி ஆகியோரின் குழுவினர் செய்து 2015இல் வெளியிட்ட ஆராய்ச்சி. தோலினுள் இறங்காமை மட்டும் போதாது, தோலை விட்டு அகலாமையும் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அறுவைச் சிகிச்சையிலே தானே கரைந்துபோகும் தையல் நூல்களிற் பயன்படும் இலற்றிக்கமிலப் பல்பகுதியத்தைக்கொண்டு துணிக்கை செய்து, அதன் மேற்புறத்திற் கிளைகிளையான கிளிசரோற் சங்கிலிகளைப் பொருத்தினர். பின்னர் அச்சங்கிலிகளின் முனைகளை இரசாயன முறையில் மாற்றித் தோலின் புரதத்தோடு பற்றிக்கொள்ளும் கொக்கிகளாக்கினர். துணிக்கையின் உள்ளே இருந்தது பாடிமேற்று-ஓ என்னும் பழைய காப்புப் பொருள்.

அத்துணிக்கை தோலின் புறப்படையிற் பற்றிக்கொண்டது. நீர் விட்டாற் போகவில்லை; துவாயினால் அழுத்தித் துடைத்தாற் போயிற்று. மேற்றோலின் உயிர்க்கலங்களுக்குள்ளோ மயிர்க்கால்களினுள்ளோ அது இறங்கவில்லை. கடைக் களிம்பில் உள்ள காப்புப் பொருளின் அளவோடு ஒப்பிட்டால் 100க்கு 5 பங்குக்கும் குறைவாகவே அதில் இருந்தது. எனினும் எலிகளின் தோலில் இரண்டின் காப்பும் ஏறக்குறைய ஒத்திருந்தது. வேறொரு முடிவு அதனினும் கருதத்தக்கது. கதிரை விழுங்கிய காப்புப் பொருள், சில வேளைகளில் ஒட்சிசனைத் தூண்டி வெறிகொள்ளச் செய்யும். அந்த ஒட்சிசன் அருகிலுள்ள கலத்தின் டீ. என். ஏ. இழைகளை அறுக்கும். சுடுதலைத் தடுத்த களிம்பே இவ்வகையில் உள்ளே சிறு கேடு செய்யக்கூடும். துணிக்கையினுள் அடைபட்ட பொருளைப் பூசியபோது, கடைக் களிம்பைப் பூசியபோது கண்டதிலும் மிகக் குறைந்த அளவிலேயே அத்தகைய அறுப்புக்கள் காணப்பட்டன. வெறிகொண்ட ஒட்சிசன் பிறந்த கூட்டினுள்ளேயே அடங்கிவிட்டது என்பதே இதற்குக் கூறப்படும் விளக்கம்.

எலியின் தோல் மனிதத் தோலன்று. காலையில் வயலுக்கோ கடலுக்கோ சென்று மாலையில் மீளும் ஒருவரின் தோலில் இவ்வித்தை எவ்வாறு நிற்கும் என்பதை எலிக்கூடு சொல்லாது. அன்றியும், சிமிழ் முறைக்கே உரிய இடர்கள் சில இருக்கின்றன. பந்தற் சேலையை விரித்துக் கட்டினால் முற்றமெங்கும் நிழல். அதே சேலையைச் சுருட்டிப் பந்துகளாக்கித் தொங்கவிட்டால் பந்துக்குக் கீழே கடு நிழல், இடையெல்லாம் வெயில். எண்ணெயிற் கரைந்த காப்புப் பொருள் விரித்த சேலை. சிமிழ் சுருட்டிய பந்து. எனவே சிமிழ்கள் மிகச் சிறியனவாகவும் நெருக்கமாகவும் அமையாவிட்டால், இடைவெளியாற் கதிர் புகுந்துவிடும். இரண்டாவது, ஓடு மெல்லியது. தேய்த்துப் பூசும்போது உடையலாம். குப்பியிலே மாதக்கணக்கிற் கிடக்கும்போது உள்ளிருப்பது கசியலாம். கசிந்த பொருள் மீண்டும் பழைய காவலாளனே. மூன்றாவது, நீரிற் கழுவுண்ட சிமிழ் கடலைச் சேர்கிறது. ஒக்சிபென்சோனும் ஒக்ரினொக்சேற்றும் பவளப் பாறைகளுக்குக் கேடு என்று கருதி ஹவாய்த் தீவுகளில் அவற்றின் விற்பனையை 2021 முதல் தடைசெய்துள்ளனர். காப்புப் பொருளைச் சுற்றிப் பிளாஸ்திக் ஓடு போடுவது அந்தக் கேட்டுக்கு இன்னொன்றைச் சேர்ப்பதாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நுண்பிளாஸ்திக்குப் பொருள்களுக்கு விதித்த கட்டுப்பாடு அழகுப் பொருள்களிற் சேர்க்கும் துணிக்கைகளையும் தொடுகிறது. சிலிக்கா வெறும் மணலின் இனமாகையால் அவ்விதிக்குள் வருவதில்லை.

எருசலேமிலும் யேலிலும் செய்த சிமிழைப் போன்ற ஒன்று மனிதத் தோலிலேயே ஆதிமுதல் இருந்து வருகிறது. தோலுக்குக் கறுமை தரும் மெலனின், கலத்தினுள் கரைந்து பரவிக் கிடப்பதில்லை. மெலனின் செய்யும் கலங்கள் தனியே இருக்கின்றன; அவை அதனை ஒரு மைக்கிரோமீற்றருக்கு உட்பட்ட சிறு பைகளில் அடைத்து, நீண்ட கைகளால் அயலிலுள்ள தோற்கலங்களுக்கு வழங்குகின்றன. பெற்றுக்கொண்ட கலம் அப்பைகளைத் தன் கருவின் மேற்புறத்தில், வானை நோக்கிய பக்கத்தில், குடைபோலக் குவித்து வைக்கிறது. காக்கவேண்டியது கருவிலுள்ள டீ. என். ஏ.; குடை பிடித்திருப்பதும் சரியாக அதற்கு மேலேதான். மெலனின் கதிரை விழுங்கும்போது தானும் சில வேண்டாத பொருள்களைப் பிறப்பிக்கக்கூடியது; அது பைக்குள் இருப்பதன் காரணம் அதனால் விளங்கும். கறுத்த தோலின் மேற்படை, காப்பெண் ஏறக்குறைய 13 உடைய களிம்புக்கு ஒப்பானது என்று 1979இல் வெளியான அளவீடு ஒன்று காட்டிற்று.

இந்தக் குடை இல்லாமற் பிறப்பவர் உண்டு. வெண்மேனியர், அதாவது மெலனின் இன்மையாற் கூந்தலும் மேனியும் வெளுத்துப் பிறப்பவர், எந்த நாட்டிலும் எந்த இனத்திலும் பிறக்கின்றனர், இலங்கையிலும் பிறக்கின்றனர். அவர்களுள் பலருடைய தோலில் மெலனின் செய்யும் கலங்கள் இருக்கின்றன, பைகளும் இருக்கின்றன. மெலனினை ஆக்கும் நொதியம் குறைபட்டதால் பைகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. சிமிழ் உண்டு, சரக்கு இல்லை. கடற்கரையிற் பொழுதுபோக்க வந்தவருக்குக் களிம்பு ஒரு வசதி. வெண்மேனியராய்ப் பிறந்து வெப்ப நாட்டில் உழவு செய்து பிழைப்பவருக்கோ, முப்பது நாற்பது வயதுக்குள் தோற் புற்றுநோய் வருவதும் வராமற் போவதும் அதனைப் பொறுத்திருக்கலாம்.

ஆபிரிக்காவின் கீழ்ப்புறத்துத் தான்சானியாவில் வெண்மேனியர் தொகை மிகுதி. அங்கே மோஷி நகரில், கிளிமஞ்சாரோ கிறித்தவ மருத்துவ நிலையத்தோடு சேர்ந்த சிறு ஆலையொன்று அவர்களுக்காகவே வெயிற்காப்புக் களிம்பு செய்து வழங்கி வருகிறது. விலை கொடுத்து வாங்கும் நிலையில் அவர்களிற் பெரும்பாலோர் இல்லை. மண்வெட்டி பிடித்த கையாலும் வியர்வை வழியும் முகத்தினாலும் இரண்டு மணிக்கொரு முறை மறுபடியும் பூசிக்கொள்வதென்பது அவர்களுக்கு எளிதுமன்று.

காலையில் ஒரு முறை பூசினால் மாலையில் துவாயினால் துடைக்கும்வரை நிற்பது. வழக்கமான களிம்பில் உள்ள காப்புப் பொருளில் இருபதில் ஒரு பங்கு போதுமானது. உயிருள்ள கலத்தைத் தொடாதது. யேல் பல்கலைக்கழகத்து எலிகளின்மேல் இவ்வளவும் காட்டப்பட்டிருக்கின்றன. அந்தத் துணிக்கையை ஒரு களிம்பு ஆலை கிலோக்கணக்கில், மலிவாக, மாதக்கணக்கிற் கசியாமல் செய்துகாட்டும் நாளில் அதற்கு முதலில் உரியவர் யார் என்பதை மோஷியின் மருத்துவ நிலையத்து வாயிலில் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தே சொல்லிவிடலாம்.